கூட்டிக்கொண்டே போனால் சைபர் வராது

என் வீட்டுக்காரர் தபால் வழியில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்தார். எல்லாப் பேப்பரும் தேறினார், ஒன்றே ஒன்று நின்றுபோயிற்று. அதை நாலு தடவை எழுதி நாலு தடவையும் கோட்டை விட்டார். ஐந்தாவது தடவைக்கு அவர் படித்ததைத்தான் எழுதப் போகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியது. எனக்கு வாய் கிடையாது. நாலு பேர் நடுவில் பேச வேண்டும் என்றால் பின்னால் போய் நின்றுகொள்வேன். படிப்பும் அஞ்சாவதோடு சரி.

அப்போது நாங்கள் கல்வராயன் மலைமேல் இருந்தோம். அவர் அங்கே ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் கீழே இறங்க வேண்டும். எங்களுக்கு ஒரே பெண். அவளும் அஞ்சாவது முடித்தாள். சங்கராபுரத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அங்கிருந்து ஆறாவது போனாள், ஏழாவது போனாள். நான் மாதத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் வருஷம் நான் கிளம்பும்போது அழுதாள். இரண்டாம் வருஷம் அழவில்லை. மூன்றாம் வருஷம் நான் போனபோது பக்கத்து வீட்டில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "இருக்கியா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

இவருக்கு டிகிரி கைக்கு வந்தால் கீழே உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும். நாங்கள் சங்கராபுரத்துப் பக்கம் குடி போகலாம், பிள்ளை எங்களோடு இருக்கும். அந்த ஒரு பேப்பர்தான் குறுக்கே நின்றது. "பாஸாயிட்டா கீழ பூடலாம்" என்று அவர் என்னிடம் சொல்வார். "அப்பா பாஸாயிட்டா கீழ வந்துடுவோம்" என்று நான் பிள்ளையிடம் சொல்வேன். மூன்று வருஷமாக இரண்டு பேரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவர் கணக்குப் போடுவதற்கு நான் எதற்கு என்று கேட்கலாம். விடை அவர் கண்ணில் படக் கூடாதாம். பட்டுவிட்டால் கை தானாக அந்த விடைக்கே போய்விடுமாம். அதனால் புத்தகத்தின் பின்னால் இருந்த விடைப் பக்கங்களைப் பிளேடால் அறுத்து என் கையில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலம், அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து போடுவார். நான் எதிரில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் விடையைச் சொல்ல வேண்டும், நான் தாளில் பார்த்துச் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அந்தத் தாளெல்லாம் புளிப் பிசுக்கு ஏறிக் கறுத்துப் போயிற்று. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

அவர் மாட்டிக்கொண்ட பாடம் இதுதான். எக்ஸ் என்று ஒரு எழுத்து இருக்கும். அதன் தலையில் குட்டியாக மூன்று, நாலு, அஞ்சு என்று எண் போட்டிருக்கும். பக்கத்தில் பெரிய எண்கள் இருக்கும், நடுவில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். அந்த எக்ஸுக்குப் பதிலாக எந்த எண்ணைப் போட்டால் எல்லாம் சேர்ந்து சைபர் ஆகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். தலையில் மூன்று இருந்தால் அப்படி மூன்று எண் உண்டு, நாலு இருந்தால் நாலு. அவற்றுக்குப் பூஜ்யங்கள் என்று பெயர் என்றார். நான் படித்த காலத்தில் சைபர் வாங்கினால் முட்டிக்கால் போட வைப்பார்கள். இவர் சைபர் வந்துவிட்டால் தொடையைத் தட்டிக்கொண்டு "வந்துட்ச்சி" என்பார்.

எதிரில் உட்கார்ந்து எவ்வளவு நாள்தான் சும்மா பார்க்க முடியும்? பத்து நாளில் எனக்கு அவர் செய்வது பிடிபட்டுவிட்டது. எக்ஸை எல்லாம் விட்டுவிட்டுப் பெரிய எண்களை மட்டும் ஒரு வரிசையாக எழுதுவார். போட்டுப் பார்க்கிற எண்ணை ஓரத்தில் எழுதுவார். முதல் எண்ணை அப்படியே கீழே இறக்க வேண்டும். அதை ஓரத்து எண்ணால் பெருக்கி, வருவதை அடுத்த எண்ணோடு கூட்ட வேண்டும். மறுபடி பெருக்கு, மறுபடி கூட்டு. கடைசியில் சைபர் வந்தால் அந்த எண் சரி. வராவிட்டால் வேறு எண். எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, வரிசையில் கடைசியாக இருக்கும் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறவற்றைப் போட்டால் போதும். இதில் அஞ்சாவது வாய்ப்பாட்டுக்கு மேல் என்ன இருக்கிறது? கழித்தல் குறி மட்டும்தான் எனக்குப் புதிது. மலை ஏறுவது கூட்டல், இறங்குவது கழித்தல், ஏழு படி இறங்கி ஆறு படி ஏறினால் ஒரு படி கீழே நிற்பாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாலு வருஷம் தோற்கிறார் என்றால் எரிச்சல் வராதா?

அந்த வருஷம் சித்திரையில் ஒரு நாள், எக்ஸ் தலையில் மூன்று உள்ள கணக்கு ஒன்று. கழித்தல் ஏழு எக்ஸ், கூட்டல் ஆறு. அவர் ஒன்று, கழித்தல் ஏழு, ஆறு என்று எழுதி, ஒன்றைப் போட்டுப் பார்த்தார். சைபர் வந்தது. மிச்சத்தில் ஆறும் கிடைத்தது. தொடையைத் தட்டினார்.

"ஒன்னு, ஆறு. இருக்குதா பாரு."

நான் தாளைப் பார்த்தேன். "ஒன்னு இருக்குதுங்க. ஆறு இல்ல. ரெண்டு போட்டு, அப்பறம் மைனஸ் மூணு போட்டிருக்குது. மொத்தம் மூணு."

"எத்தினாவது கணக்கு பாக்கற நீ?"

"பதினாலுங்க."

"பதினாலுதான் நானும் போட்டேன். சைபர் வந்துட்ச்சி புள்ள. அப்பறம் எப்படித் தப்பாவும்?"

"தாள்ல மூணு இருக்குதுங்களே."

"அச்சுப் பிழை" என்றார். பேனாவை எடுத்து, புத்தகத்தில் அந்தக் கணக்கைச் சுற்றிக் கட்டம் போட்டு, ஓரத்தில் அச்சுப் பிழை என்று எழுதியும் வைத்தார்.

அதோடு நின்றதா? அந்த வாரத்துக்குள் புத்தகத்தில் ஏழு அச்சுப் பிழை கண்டுபிடித்துவிட்டார். "அச்சுக் கோத்தவன் குடிச்சிட்டுக் கோத்திருப்பான்" என்று அவனையும் திட்டினார். நான் புளியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகம் போட்டவனுக்கும் தெரியவில்லை, அச்சடித்தவனுக்கும் தெரியவில்லை, நாலு தடவை தோற்ற இவர் ஒருவருக்குத்தான் தெரிகிறது என்றால் அதை நம்ப நான் என்ன பச்சைப் பிள்ளையா?

சித்திரையில் அங்கே தண்ணீர்க் கஷ்டம். ஊற்று ஒன்றுதான். சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும். ஒவ்வொரு வீடும் ஒரு குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடும். முறை வரும்போது வந்து மொண்டுகொள்வார்கள். வரிசை எந்த நாளும் மாறாது. ஒரு நாள் விடியற்காலையில் நான் போனபோது என் குடத்துக்கு முன்னால் குடமே இல்லை, ஒரு கல் கிடந்தது. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு என் குடத்தை முன்னால் நகர்த்தினேன். பின்னாலேயே இன்னும் நாலு பேர் நகர்த்தினார்கள் போலிருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் ஊற்றங்கரையில் பெரிய சண்டை. எந்த முறை யாருடையது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

என் வயசுக்காரி ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள். "வாத்தியாரம்மா, அந்தக் கல்ல இன்னாத்துக்குத் தள்ன?"

"கல்லுதான? குடம் இல்லியே."

"அது கல்லு இல்ல, அது ஒரு வூடு. அந்த வூட்டு ஆளுங்க காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்காங்க. ஆளு இல்லாங்காட்டி வூடே இல்லன்னு ஆயிடுமா? கல்ல எடுத்தா அவங்களுக்குப் பின்னால நிக்கற அத்தினி பேரு முறையும் இல்ல மாறிப் போவுது? கீழூர்ல இதுகூடச் சொல்லித் தர மாட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்லை நானே தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு, வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் மறுபடி பதினாலாவது கணக்கை எடுத்தார். அச்சுப் பிழை இல்லாமல் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். எனக்குக் காலையில் பட்ட அவமானமே இன்னும் ஆறவில்லை. புளித் தட்டை நகர்த்திவிட்டு அவர் நோட்டைப் பார்த்தேன்.

"எக்ஸு தலையில மூணு இருக்குது. அடுத்ததுக்குத் தலையில ஒன்னும் இல்ல. நடுவுல ரெண்டு போட்டது எங்கங்க?"

"இல்ல. இல்லாததுக்கு எங்க போறது?"

"இல்லன்னா அந்த எடத்துல கல்லு வெக்கணும்ங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாது? கல்லா?"

"ஆளு இல்லாத வூட்டுக்கு இங்க கல்லு வெக்கறாங்க இல்ல, அது மாதிரி. ஒரு சைபராச்சும் போடுங்களேன். எடத்த எடுத்துட்டா பின்னால இருக்கறது அத்தினியும் முன்னால வந்துடுதே."

"போடி, கணக்குல போயிக் கல்லு குடம்னுகினு" என்றார். ஆனாலும் போட்டார். ஒன்று, சைபர், கழித்தல் ஏழு, ஆறு. ஓரத்தில் ஒன்று. கீழே ஒன்று, ஒன்று, கழித்தல் ஆறு, சைபர். அடுத்து இரண்டைப் போட்டார். ஒன்று, மூன்று, சைபர். மிச்சம் இருந்தது கழித்தல் மூன்று. தாளில் இருந்த மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

சந்தோஷப்பட்டிருக்கலாம். "அடடே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். பாடத்தின் இரண்டாம் பக்கத்திலேயே, இல்லாத உறுப்புக்குப் பூஜ்யம் போட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இது எனக்குத் தெரிஞ்சதுதான். கொஞ்சம் மறந்துட்டேன், அவ்ளோதான். போயி காப்பி போடு."

நான் போய்க் காப்பி போட்டேன். அடுப்பை ஊதும்போது நினைத்துக்கொண்டேன், ஒவ்வொரு பரீட்சையிலும் எத்தனை கல்லைத் தள்ளிவிட்டிருப்பார் இந்த மனிதர் என்று. என் பிள்ளை மூன்று வருஷம் யார் வீட்டிலோ சாப்பிட்டதற்கு இந்த மறதிதான் காரணமா? ஏழு கட்டத்தையும் பிளேடால் சுரண்டப் பார்த்தார். தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அவர்கள் வீடு விவசாயக் குடும்பம். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். இவர் வாத்தியார் வேலைக்கு வந்தும் அது போகவில்லை. ஓரத்தில் போட்டுப் பார்க்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்வார். ஒன்றைப் போடும்போது "லாபம்" என்பார். அப்புறம் ரெண்டு, மூணு என்று ஏறிக்கொண்டே போவார். கழித்தல் பக்கம் போகவே மாட்டார். புத்தகத்தில் இருந்த கணக்குகளில் முக்கால்வாசி கூட்டல் எண் ஒன்றிலாவது விழுந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாக வந்துவிடும். அதனால் அவருடைய பழக்கம் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு தடவை கேட்டேன். "மைனஸும் போடலாம்னு நீங்கதான சொன்னீங்க? சிலதுக்கு அத்த மொதல்ல போட்டா சுருக்க வந்துடுது போலருக்குதே."

"காரியத்த ஆரம்பிக்கறப்பவே கழிச்சிக்கினு ஆரம்பிப்பாங்களா? எங்கப்பா களத்துல யாராச்சும் அப்படி அளந்தா மரக்காலப் புடுங்கிடுவாரு."

"இது களம் இல்லியேங்க."

"உனக்கு இன்னா தெரியும்? அஞ்சாவதோட நின்னவ."

அந்த ஒரு வார்த்தை வந்தால் நான் அடங்கிவிடுவேன். அவருக்கும் அது தெரியும்.

வைகாசியில் பரீட்சை. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் எழுத இதுதான் கடைசித் தடவை என்று கடிதம் வந்திருந்தது. இதில் போனால் புதுப் பாடத்தில் முதலிலிருந்து எல்லாப் பேப்பரும் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானே எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பரீட்சை முடிந்ததும் சங்கராபுரம் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நானும் கிளம்பினேன். முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு அவர் கண்ணை மூடிக்கொண்டு சூத்திரம் சொல்லிக்கொண்டு வந்தார். கச்சிராயபாளையம் தாண்டும்போது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு உள்ளே போனார். நான் வெளியே வேப்பமரத்தடியில், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு மணி அடித்தது. வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வரும்போதே கேள்வித்தாளைச் சுருட்டிக் கையில் அடித்துக்கொண்டு வந்தார்.

"கேள்வியே தப்பு" என்றார்.

"இன்னாங்க?"

"நாலாவது கேள்வி. லாபத்துல ஆரம்பிச்சி ரெண்டு, மூணு, நாலு, ஆறு, எட்டு, பன்னெண்டு, இருபத்தி நாலு வரைக்கும் அத்தினியும் போட்டுப் பாத்துட்டேன். சைபரே வர்ல. போகப் போக ஜாஸ்திதான் ஆவுது. ஒரு மணி நேரம் போச்சு. கடைசில ரெண்டு கணக்கு தொடவே முடியல. எவனோ தப்பா அச்சடிச்சி வெச்சிருக்கான்."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். எக்ஸ் தலையில் நாலு. பெரிய எண்கள் ஒன்று, பத்து, முப்பத்தைந்து, ஐம்பது, இருபத்து நாலு. கல் வைக்க வேண்டிய இடம்கூட இல்லை, எல்லாரும் வரிசையில் ஆஜர். நடுவில் குறி எல்லாம் கூட்டல்.

"எல்லாமே பிளஸ்ஸா இருக்குதேங்க."

"அதுக்கு?"

"இருக்கறதும் பிளஸ்ஸு, நீங்க போடறதும் பிளஸ்ஸு. கூட்டிக்கினே போனா எங்கருந்துங்க சைபர் வரும்? எறங்கினாதான வரும்?"

எனக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, ஒரு வேப்பங்குச்சியை எடுத்துத் தரையில் ஐந்து எண்ணையும் எழுதினேன். ஓரத்தில் கழித்தல் ஒன்று. ஒன்றை இறக்கினேன். பத்தில் ஒன்று போனால் ஒன்பது. முப்பத்தைந்தில் ஒன்பது போனால் இருபத்தாறு. ஐம்பதில் இருபத்தாறு போனால் இருபத்து நாலு. இருபத்து நாலில் இருபத்து நாலு போனால் ஒன்றுமில்லை. ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. குச்சியை வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவரைப் போலவே பரீட்சை எழுத வந்த வாத்தியார்கள் இரண்டு பேர் எங்கள் பக்கம் வந்தார்கள். அவர் சட்டென்று செருப்புக் காலால் என் கணக்கின்மேல் தேய்த்தார். ஒரு தேய்ப்பு, இன்னொரு தேய்ப்பு. மண்தான் மிச்சம். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"இன்னா சார், எப்படி எழுதினீங்க?"

"நாலாவது கேள்வி தப்பா இருக்குது சார். எழுதிப் போடணும்" என்றார் இவர்.

"தப்பா? மைனஸ் ஒன்னுலயே வுழுந்துடுச்சே சார். மைனஸ் ரெண்டு, மூணு, நாலுன்னு சரம் மாதிரி வந்துச்சே. எல்லாம் பிளஸ்ஸா இருந்தா பிளஸ்ஸு போட்டே பாக்க வாணாம் சார், பசங்க கூடச் சொல்லும்."

"ஆமாமா, அத்தத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

எத்தைச் சொல்ல வந்தார்? எனக்கு மரத்துக்குப் பின்னாலிருந்து கத்த வேண்டும் போலிருந்தது. பெண்டாட்டி சொன்னால் செருப்பால் தேய்ப்பது, அதையே பேன்ட் போட்டவன் சொன்னால் ஆமாமா. கத்தவில்லை. புளிச்சோற்றைப் பிரித்துப் பாதியை அவருக்குக் கொடுத்தேன், பாதியை நான் தின்றேன்.

சங்கராபுரத்தில் பிள்ளை வாசலிலேயே இருந்தாள். எட்டாவது முடித்திருந்தாள். வளர்ந்து என் தோளுக்கு மேல் வந்துவிட்டாள். அவர் உள்ளே அண்ணனோடு உட்கார்ந்தார். அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா நல்லா எழுதினாராம்மா?"

"எழுதியிருக்காரு."

"பாஸாயிடுவாரா?"

"ஆயிட்டா வந்துடுவோம்."

"ஆறாவதுலருந்து இதத்தான் சொல்ற. பெரிம்மாகூடச் சிரிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் மார்க் தாள் வந்தது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். நான் நிமிர்த்திப் பார்த்தேன். ஒரு கணக்குக்கு எத்தனை மார்க்கோ அவ்வளவுதான் கம்மி. அந்த நாலாவது ஒன்றைப் போட்டிருந்தால் தேறியிருப்பார்.

"புதுப் பாடத்துல எழுதறேன்" என்றார். "மிஞ்சிப் போனா மூணு வருஷம். பாஸாயிட்டா கீழ பூடலாம்."

நான் அடுப்பங்கரைக்குப் போனேன். சாமை வெந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று வருஷம் என்றால் பிள்ளை பதினொன்றாவது முடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கீழே வேலை கிடைத்தால்தான் கீழே போக முடியும் என்பது அவருக்கு. எனக்கு என்ன வேலை இங்கே, எந்த வேலையிலிருந்து எனக்கு மாற்றல் வர வேண்டும்? நீ போகக் கூடாது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொன்னதுண்டா? அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தேறினால்தான் எல்லாம் என்று நானே நினைத்துக்கொண்டு, விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு, புளி பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நேரம் அவர்மேல் எழுதின எரிச்சலில் பாதியை இங்கே என்மேல் போட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணியை அடுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க?"

"சங்கராபுரம். ஒரு ரூமு பாத்துக்கினு புள்ளையக் கூட வெச்சிக்கிறேன்."

"நானு?"

"நீங்க இங்கதான வேல பாக்கறீங்க. சனி, ஞாயிறு வாங்க."

"எனக்கு யாரு சோறு ஆக்கறது?"

"அரிசி இருக்குது, அடுப்பு இருக்குது. அத்தினி பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்க, சோறா வராது?"

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"பேசிக்கினு போறாங்க."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் எழுந்து வெளியே போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார். பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "கணக்குப் போட்டா யாரு சரி பாக்கறது?" என்று ஜன்னல் பக்கம் வந்து கேட்டார். கையோடு கொண்டுவந்திருந்த விடைத்தாள்களை அவர் சட்டைப் பையில் திணித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் அவர் எழுதவே இல்லை. ஆரம்பப் பள்ளி வாத்தியாராகவே ஓய்வு பெற்றார். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். சனிக்கிழமை சனிக்கிழமை மலையிறங்கி வந்துவிடுவார். குழைந்த சோறு, தீய்ந்த சோறு என்று வாரக் கதை சொல்வார்.

சங்கராபுரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு ரூம் கிடைத்தது. பிள்ளை முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இங்கே வருவதில் சந்தோஷமா, பெரியம்மா வீட்டை விட்டு வருவதில் துக்கமா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தலை பின்னிவிட உட்கார வைத்தேன்.

"இவ்ளோ இறுக்கமா பின்னாத. வலிக்குது. பெரிம்மா இப்படிப் பின்ன மாட்டாங்க."

அவிழ்த்துத் தளர்த்திப் பின்னினேன்.

"ஐய, ரிப்பன மடிச்சிக் கட்டணும்மா. உனக்கு ஒன்னுமே தெரில. ஒம்பதாவதுல எல்லாரும் மடிச்சிதான் கட்டுவாங்க."

மறுபடி அவிழ்த்தேன். பெல் அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. எனக்கு எரிச்சல் தலைக்கேறிற்று. இரண்டு வைக்கலாமா என்று வந்தது.

"நீ எத்தினி நாளு இருப்ப?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இருப்பேன்."

"அப்பாதான் பாஸாவலியே."

"அது உங்கப்பா பரீட்ச. தலைய ஆட்டாம உக்காரு, சீப்ப எடு."